‘செர்ரி’ என்ற ஒரு சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் எதை எழுதுவது? ஏற்காட்டுக் காப்பி மாதிரிப் பையின் சீட்டு குறித்து

சேர்வராயன்_களம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூருக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஆறு ஏக்கரில் அராபிக்கா வகைக் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தை அப்பாவும் சித்தப்பாவும் பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கு எழுதுவதும் கடிதம் போடுவதும் மாதிரி அனுப்புவதும் என் பொறுப்பு. சென்ற பறிப்பில் கிடைத்த காப்பியில் அரைக் கிலோ வீதம் மூன்று மாதிரிப் பைகளை, ஸ்பெயினில் சொந்தமாக வறுத்து விற்கும் ஒரு சிறு கடைக்காரருக்கு அனுப்பினோம். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று கேள்விப்பட்டதால், பைகளின் மேல் ஒட்டும் சீட்டை அவருடைய மொழியிலேயே அச்சிட்டுக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். கையில் இருந்த ஆங்கில–ஸ்பானிய அகராதியையும் கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியையும் வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.

முதல் பையில் இருந்தது ‘பிளான்டேஷன் ஏ’ என்ற தரம். அதற்கு ‘பிளாந்தாசியோன் ஆ’ என்று போட்டேன். இரண்டாவது பை ‘அராபிக்கா செர்ரி ஏபி’. அதற்கு ‘செரேசா தே அராபிக்கா’ என்று எழுதினேன். மூன்றாவது பீபெரி, அதாவது பழத்துக்குள் ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டை. அதற்குச் செயலி பட்டாணியையும் ஏதோ ஒரு பழத்தையும் ஒட்டவைத்து ஒரு சொல்லைக் கொடுத்தது. அதில் எனக்கே நம்பிக்கை வராததால் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. மிகவும் பணிவான கடிதம். சீட்டில் பழம் என்று எழுதியிருக்கிறது, ஆனால் பையில் இருப்பதோ வறுக்காத கொட்டை, பழத்தின் காய்ந்த தோல் தனிப் பையாகப் பின்னால் வருகிறதா என்று முதலில் கேட்டிருந்தார். அடுத்ததாக, ‘ஏ’ தோட்டத்துக் காப்பி நன்றாக இருக்கிறது, ‘பி’ தோட்டத்தின் மாதிரியையும் அனுப்ப இயலுமா என்று கேட்டிருந்தார். எங்களுக்கு இருப்பது ஒரே தோட்டம். அந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அகராதி தவறாகச் சொல்லவில்லை, ‘செர்ரி’ என்றால் செரேசாதான். அப்படியிருந்தும் என் சீட்டு தவறாகிவிட்டது. மறுபடியும் மாதிரி அனுப்பப் போகிறோம். ‘பிளான்டேஷன்’, ‘செர்ரி’ என்ற இரண்டு சொற்களுக்கும் சரியான ஸ்பானியச் சொல் எது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


செவ்வாய்ப்பேட்டை_வறுவல் எழுதியது:

தம்பி, நாற்பது ஆண்டுகளாகக் காப்பித்தூள் கடை வைத்திருக்கிறோம். பிளான்டேஷன் ஏ, பீபெரி, ரோபஸ்டா செர்ரி என்றுதான் என் தந்தையார் கேட்டு வாங்கினார், நானும் அப்படித்தான் வாங்குகிறேன். இவை பெயர்கள். பெயரை மொழிபெயர்ப்பது எதற்கு? நம் ஊர் மல்கோவாவை யாராவது இன்னொரு மொழியில் மாற்றி எழுதுவார்களா? அப்படியே விட்டுவிடுங்கள்.


அழகாபுரம்_மொழிபெயர்ப்பு எழுதியது:

நண்பர் சேர்வராயன் களத்துக்கு வணக்கம். நான் பல ஆண்டுகளாக ஸ்பானிய மொழியிலிருந்தும் ஸ்பானிய மொழிக்கும் வணிக ஆவணங்களை மொழிபெயர்த்து வருகிறேன். நீங்கள் அகராதியைக் குறை சொல்லாமல் விட்டது சரியே. ‘செர்ரி’ என்ற ஆங்கிலச் சொல் இந்தியக் காப்பி வணிகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பொருள்களைச் சுமக்கிறது, அகராதி அவற்றில் முதல் பொருளை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

முதல் பொருள், கேக்கின் மேல் வைக்கும் சிவப்புப் பழம். ஸ்பானிய மொழியில் பழம் செரேசா, அதன் மரம் செரேசோ. ஸ்பெயினின் பெரும்பகுதியில் இதைத் ‘தெரேத்தா’ என்பதுபோல் நுனிநாவில் ஒலிப்பார்கள். தொலைபேசியில் கேட்டால் வேறு சொல் என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டாம் பொருள், காப்பிச் செடியிலிருந்து பறித்த பழுத்த பழம். இதற்கும் ‘கஃபே செரேசா’ அல்லது ‘கஃபே என் செரேசா’ என்று சொல்லலாம், கொலம்பியா முதல் பல நாடுகளில் புரியும். ஆனால் எல்லா நாட்டுக் காப்பிக்காரர்களும் அப்படிச் சொல்வதில்லை. ஒந்துராசிலும் எல் சால்வதோரிலும் ‘கஃபே ஊவா’ என்பார்கள். ஊவா என்பது மற்ற இடங்களில் திராட்சை. கோஸ்தா ரிக்காவில் ‘கஃபே என் ஃப்ரூத்தா’, அதாவது பழமாக உள்ள காப்பி. அங்கே பறித்த பழத்தை எடைபோடுவதில்லை, மரக்காலில் நெல்லை அளப்பதுபோல் கொள்ளளவாகவே அளக்கிறார்கள். 20 லிட்டர் கொண்ட அளவுப் பெட்டிக்குக் கஹுவேலா என்று பெயர். இருபது கஹுவேலா சேர்ந்தால் ஒரு ஃபனேகா, 400 லிட்டர்.

மூன்றாம் பொருள், தோலோடு களத்தில் காய்ந்து கறுத்துச் சுருங்கிய முழுப்பழம். ‘செரேசா சேக்கா’, உலர்ந்த பழம் என்றால் எங்கும் புரியும். மெக்சிகோவில் இதற்குக் ‘கப்புலீன்’ என்று தனிப்பெயர் உண்டு. கப்புலீன் என்பது அந்நாட்டுக் காட்டுச் செர்ரி மரத்தின் பெயர். ஆங்கிலேயர் தங்களுக்குப் பழக்கமான பழத்தின் பெயரைக் காப்பிக்குச் சூட்டியதைப் போலவே மெக்சிகோ உழவர்களும் தங்கள் மலைப் பழத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இந்தச் சொல்லை முதன்முதலில் ஒரு கொள்முதல் ஒப்பந்தத்தில் பார்த்தபோது, தவறாக அச்சாகிவிட்டதோ என்று அரைநாள் தேடினேன்.

நான்காம் பொருள்தான் உங்கள் பையில் இருப்பது. பழத்தை முழுதாகக் காயவைத்து, பிறகு எந்திரத்தில் தோல் முழுவதையும் நீக்கி, சலித்துத் தரம் பிரித்த கொட்டை. இந்தியக் காப்பி வாரியத்தின் தரப்பட்டியலில் இதன் பெயர் ‘அராபிக்கா செர்ரி’. பையில் பழம் இல்லை, தோலும் இல்லை. ஆனால் பெயரில் பழம் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் செரேசா என்று எழுதினால் படிப்பவர் இரண்டாம் பொருளுக்கோ மூன்றாம் பொருளுக்கோதான் போவார். அவர் தோலைத் தேடியதில் வியப்பில்லை.

செவ்வாய்ப்பேட்டை ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். தரப்பெயரை அப்படியே கொடுப்பது நல்லது. ஆனால் மல்கோவா என்ற பெயரைக் கேட்டவர் வேறு ஒரு பொருளாகப் புரிந்துகொள்ள வாய்ப்பில்லை, ‘செர்ரி’ அப்படிப்பட்டதன்று. பெயரை மட்டும் வைத்தால் போதாது, அருகில் விளக்கமும் வேண்டும்.


ஓய்வு_ரைட்டர் எழுதியது:

ஏற்காட்டில் இரண்டு எஸ்டேட்டுகளில் 31 ஆண்டுகள் ரைட்டராக, அதாவது கணக்கெழுத்தராக வேலை பார்த்தவன். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது, ஆனால் ஆங்கிலச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

மலையில் பறிக்கும்போது ‘பழம்’ என்போம். ஆட்கள் மாலையில் எடைபோடக் கொண்டுவருவது பழம். அந்தப் பழம் அன்று இரவே பல்ப்பர் என்ற தோலுரிக்கும் எந்திரத்துக்குப் போனால், சிவப்புத் தோல் கழன்று, தொட்டியில் ஒருநாள் ஒன்றரை நாள் ஊறி, வழவழப்புப் போகக் கழுவி, மெல்லிய ஓட்டோடு வெளியே வரும். அது பார்ச்மெண்ட். பல்ப்பருக்குப் போகாமல் நேராகக் களத்துக்கு வந்தால் அந்த நொடியிலிருந்து அதன் பெயர் மாறிவிடும்; யாரும் ‘பழம் காய்கிறது’ என்று சொல்ல மாட்டார்கள், ‘செர்ரி காய்கிறது’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். மேஸ்திரி ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே கொட்டை கலகலவென்று பேசினால் காய்ந்துவிட்டது. மொத்தமாக அசைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. எனவே ‘செர்ரி’ என்று நாங்கள் எழுதிய இடத்திலெல்லாம், பழம் என்பதைவிட, தண்ணீர் படாமல் தோலோடு காய்ந்தது என்ற செய்திதான் முதன்மை.

‘பிளான்டேஷன்’ அப்படியே மறுபக்கம். அது தோட்டத்தைக் குறிப்பதில்லை; தண்ணீரில் கழுவிப் பக்குவம் செய்த அராபிக்காவைக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பி வணிகத்தில் ‘பிளான்டேஷன்’ காப்பி, ‘நேட்டிவ்’ காப்பி என்று இரண்டு வகைப் பெயர் இருந்தது. பல்ப்பரும் தொட்டியும் வைத்திருந்த துரைமார் தோட்டத்துக் கழுவிய காப்பி ஒன்று, ஊர்க்குடிகள் வீட்டு வாசலில் காயவைத்தது மற்றொன்று. சேர்வராயன் மலைக்கும் காப்பி வந்தது அந்தக் காலத்தில்தான்; சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்தார் என்று இங்கு எல்லோரும் அறிவார்கள். துரைமார் போய்விட்டார்கள், சொல் மட்டும் சீட்டில் நிற்கிறது. அந்தக் கதை தெரியாத ஸ்பெயின்காரர் ‘பிளாந்தாசியோன் ஆ’ என்பதை ஒரு தோட்டத்தின் பெயராகப் படித்ததில் அவர்மேல் குற்றம் இல்லை.

இன்னும் ஒரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். ரோபஸ்டா என்ற இன்னொரு வகைக் காப்பியைக் கழுவிப் பக்குவம் செய்தால் அதற்குத் தரப்பட்டியலில் ‘ரோபஸ்டா பார்ச்மெண்ட்’ என்று பெயர். அதில் பார்ச்மெண்ட் ஓடே இருக்காது, நீக்கித்தான் விற்பார்கள். இதற்கும் ஸ்பானிய மொழியில் இதே சிக்கல் உண்டா என்று மொழிபெயர்ப்பாளர் அம்மா சொல்ல வேண்டும்.


அழகாபுரம்_மொழிபெயர்ப்பு எழுதியது:

ரைட்டர் ஐயா, உண்டு. செர்ரியைவிட ஆபத்தாகவும் உண்டு. பார்ச்மெண்டுக்கு ஸ்பானியச் சொல் ‘பெர்காமினோ’. தோற்பட்டையில் எழுதிய பழஞ்சுவடிக்கும் அதே சொல், காப்பி ஓட்டுக்கும் அதே சொல், எனவே அகராதி இங்கே நம்மைக் கைவிடாது என்றுதான் தோன்றும். ஆனால் கொலம்பியாவில் உழவர் விற்பதே ஓட்டோடு உலர்ந்த ‘கஃபே பெர்காமினோ சேக்கோ’. அங்கு நாள்தோறும் அறிவிக்கும் உள்நாட்டு விலை, அந்தக் காப்பியில் 125 கிலோ கொண்ட ஒரு ‘கார்கா’வுக்கு. அப்படிப் பழகியவரிடம் ‘ரோபஸ்டா பெர்காமினோ’ என்று எழுதினால், ஓடு நீக்கும்போது எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று கணக்குப் போட்டு விலையைக் குறைத்துக் கேட்பார். பழம், கொட்டை என்ற குழப்பமாவது பையைத் திறந்தால் தீர்ந்துவிடும். விலைப்பட்டியலில் வரும் இந்தக் குழப்பம் பணமாக முடியும். அதற்கு ‘ரோபஸ்டா லவாதோ’, கழுவிய ரோபஸ்டா என்று எழுதுவதே முறை.

அதே முறையில் உங்கள் பிளான்டேஷன் ஏ ‘அராபிக்கா லவாதோ’ ஆகும். செர்ரி ஏபிக்கு வணிகத்தில் வழங்கும் சொல் ‘நத்துரால்’.


சேர்வராயன்_களம் எழுதியது:

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. சொல் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். கழுவியதற்கு லவாதோ, கழுவாமல் காயவைத்ததற்கு நத்துரால். இன்று மாலையே சீட்டை அச்சுக்குக் கொடுத்துவிடட்டுமா?


வலென்சியா_திரும்பியவர் எழுதியது:

தயவுசெய்து கொடுக்க வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள். எனக்குச் சொந்த ஊர் சேலம். மேற்படிப்புக்காக ஸ்பெயினில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். அங்கே பலசரக்குக் கடையில் காப்பிப் பொட்டலங்களில் ‘நத்துரால்’ என்ற சொல்லைத்தான் முதலில் பார்ப்பீர்கள். ஆனால் அதன் பொருள் வேறு.

ஸ்பெயினில் காப்பிக் கொட்டையைச் சர்க்கரை சேர்த்து வறுக்கும் பழக்கம் இருக்கிறது. சர்க்கரை கருகிக் கொட்டையின்மேல் பளபளவென்று கரும்பூச்சாகப் படியும். அதற்குத் ‘தொர்ரெஃபாக்தோ’ என்று பெயர். சர்க்கரை சேர்க்காமல் வெறுமனே வறுத்ததுதான் ‘நத்துரால்’. இரண்டையும் கலந்து விற்பது ‘மெஸ்க்லா’, கலவை. எத்தனை பங்கு நத்துரால், எத்தனை பங்கு தொர்ரெஃபாக்தோ என்பதைப் பொட்டலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆகவே ஸ்பெயினில் கழுவிய காப்பியும் சர்க்கரையில்லாமல் வறுத்தால் நத்துரால்தான். அந்த ஊரில் ஒரு கடைக்காரரிடம் ‘நத்துரால்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அவர் காப்பி ஆழமாகத் தெரிந்தவராக இருந்தால் பக்குவம் செய்த முறை என்று எடுத்துக்கொள்வார். அவருடைய கடைப் பையன் அதைப் பார்த்தால், சர்க்கரை சேர்க்காதது என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுவான்.


செவ்வாய்ப்பேட்டை_வறுவல் எழுதியது:

இது எனக்கு உடனே விளங்குகிறது. என் கடையில் 80–20 என்று எழுதினால் எண்பது பங்கு காப்பி, இருபது பங்கு சிக்கரி. ‘பியூர்’ என்று கேட்டு வருகிறவருக்குச் சிக்கரி இல்லாத தூள் என்பதுதான் பொருள். எந்த மலைக் கொட்டை, கழுவியதா கழுவாததா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது. அவர்கள் ஊரில் சிக்கரியின் இடத்தில் சர்க்கரை நிற்கிறது. முதலில் நான் பெயரை அப்படியே விடச் சொன்னேன். அது போதாது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.


ஆத்தூர்_குச்சிக்கிழங்கு எழுதியது:

காப்பி எனக்குத் தெரியாது. சேகோ ஃபேக்டரிக்குக் கிழங்கு போடுகிற குடும்பம். ஆனால் இதே வலியை நாங்களும் பட்டிருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன். இந்திய ஆங்கிலத்தில் வயலில் நிற்கும் செடியையும் ‘டேப்பியோக்கா’ என்கிறோம், லாரியில் ஏற்றும் கிழங்கையும் அப்படியே சொல்கிறோம், ஆலையில் வரும் மாவையும் சில நேரம் அதே பெயரில் எழுதுகிறோம். தமிழில் நமக்கு இந்தச் சிக்கலே இல்லை: குச்சிக்கிழங்கு வேறு, ஸ்டார்ச் மாவு வேறு, ஜவ்வரிசி வேறு. ஸ்பானிய மொழியிலும் கிழங்கு ‘யூக்கா’ அல்லது ‘மந்தியோக்கா’; ‘தப்பியோக்கா’ என்பது அதிலிருந்து எடுத்த மாவுப்பொருள் மட்டுமே என்று ஒரு கொள்முதல்காரர் எங்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. எங்கள் கடிதத்தில் ஏக்கருக்கு இத்தனை டன் தப்பியோக்கா விளைகிறது என்று எழுதியிருந்தோம். அதைப் படித்தவர் எங்கள் வயலில் மாவு விளைகிறதா என்று கேட்டார். அன்றிலிருந்து ஆங்கிலச் சொல்லைப் பார்த்து ஸ்பானியச் சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டேன்; முதலில் தமிழில் அது என்ன என்று எழுதிக்கொண்டு அதற்குச் சொல் தேடுகிறேன்.


அழகாபுரம்_மொழிபெயர்ப்பு எழுதியது:

வலென்சியா நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்க ஆவணங்களையே பார்த்து வருவதால், அங்கு நத்துரால் என்றால் பக்குவ முறைதான் என்ற பழக்கத்தில் எழுதிவிட்டேன். சீட்டு யாருக்குப் போகிறது என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும். அது என் பிழை.

ஆத்தூர் நண்பரின் வழி பெரும்பாலும் உதவும். செர்ரிக்கு அது மிகவும் பொருந்துகிறது, ரைட்டர் ஐயா பழம், செர்ரி, கொட்டை என்று பிரித்துச் சொன்னதும் முடிச்சு அவிழ்ந்தது அதனால்தான். ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் காப்பாற்றாது. எடுத்துக்காட்டாக ‘கிரீன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சீட்டில் ‘கிரீன் காப்பி’ என்றால் வறுக்காத கொட்டை. குறைபாட்டு அறிக்கையில் ‘கிரீன்’ என்றால் பழுக்காமல் பறித்த காய். தமிழில் பச்சை என்ற சொல்லும் இரண்டையும் தாங்குகிறது. பச்சைக் கொட்டை என்கிறோம், பச்சைக் காயாகப் பறித்துவிட்டான் என்றும் திட்டுகிறோம். ஸ்பானிய மொழியிலும் ‘வெர்தே’ அப்படியே இரண்டு பக்கமும் நிற்கிறது. மூன்று மொழியும் ஒரே குழியில் விழுகிற இடம் இது. எதையும் பிரித்துச் சொல்லாமல் மொழிபெயர்த்தாலும் சரியாக இருப்பதுபோலவே தோன்றும் என்பதால் இங்குதான் கூடுதல் கவனம் வேண்டும். வறுக்காத கொட்டைக்கு ஸ்பெயினில் ‘கஃபே வெர்தே’ போதும். மத்திய அமெரிக்காவில் அதையே ‘கஃபே ஓரோ’, தங்கக் காப்பி என்பார்கள். கொலம்பியாவில் ‘அல்மேந்த்ரா’, அதாவது பாதாம் பருப்பு. பழுக்காத காய்க்கு மட்டும் ‘வெர்தே’யைத் தவிர்த்து ‘இன்மதூரோ’ என்று எழுதிவிடுங்கள்.

உங்கள் சீட்டில் மீதமுள்ள சொற்களையும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.


சேர்வராயன்_களம் எழுதியது:

அனுப்புகிறேன் அம்மா. ஆங்கிலச் சீட்டில் உள்ளவை: ‘எஸ்டேட்’, ‘பீன்ஸ்’, ‘ஸ்கிரீன் 17’, ‘கியூர்டு’, ‘கிராப் இயர்’. செயலி இவற்றுக்கு முறையே ‘பத்ரிமோனியோ’, ‘ஃப்ரிஹோலெஸ்’, ‘பந்தாயா 17’, ‘குராதோ’, ‘அஞ்ஞோ தே குல்தீவோ’ என்று கொடுத்தது. முதல் சீட்டில் இவற்றைப் போடாமல் விட்டது என் அதிர்ஷ்டம் என்று இப்போது தோன்றுகிறது.


அழகாபுரம்_மொழிபெயர்ப்பு எழுதியது:

ஐந்தில் ஒன்றுகூடத் தேறாது. பத்ரிமோனியோ என்பது ஒருவர் விட்டுச்செல்லும் சொத்து. தோட்டத்துக்கு ‘ஃபின்கா’ என்று எழுதுங்கள். ‘அசியெந்தா’ என்றால் பெரும்பண்ணை, ஸ்பெயினில் நிதித்துறையும் அதே பெயர்தான், ஆறு ஏக்கருக்கு அது பொருந்தாது. ஃப்ரிஹோலெஸ் என்பது சமைத்துச் சாப்பிடும் அவரை, மொச்சை வகை. காப்பிக் கொட்டைக்குக் ‘கிரானோ’. பந்தாயா என்பது தொலைக்காட்சித் திரை. நீங்கள் சொல்லும் ஸ்கிரீன் சல்லடை. அதற்கு ஸ்பெயினில் ‘கிரீபா’, கொலம்பியாவில் ‘மாயா’. எண் 17 என்பது துளையின் விட்டம் ஓர் அங்குலத்தில் அறுபத்துநான்கில் பதினேழு பங்கு என்பதைக் குறிக்கிறது, எந்த மொழியிலும் எண் அதேதான். விளைச்சல் ஆண்டுக்குக் ‘கொசேச்சா’ என்று எழுதுங்கள். குல்தீவோ என்பது பயிரிடும் தொழில்.

‘கியூர்டு’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில் கியூரிங் என்றால் ஓடும் தோலும் நீக்கிச் சலித்துத் தரம் பிரிக்கும் ஆலைவேலை. ஸ்பெயின்காரருக்குக் ‘குராதோ’ என்றதும் உப்பிட்டு மாதக்கணக்கில் தொங்கவிட்ட பன்றித்தொடை இறைச்சியோ, நாள்பட முதிரவைத்த பாலாடைக்கட்டியோதான் நினைவுக்கு வரும். ‘காப்பியை முதிரவைத்திருக்கிறார்கள்’ என்று அவர் எண்ணிவிட்டால், இந்தியக் காப்பி என்பதால் அந்த எண்ணம் இன்னும் வலுப்படும். மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் மழைக்காலக் காற்றில் ஊறவிடும் மான்சூன்ட் மலபார் வெளிநாட்டில் பலருக்குத் தெரிந்த பெயர். உங்கள் காப்பி அதுவன்று. கியூரிங் ஆலையைக் குறிக்க வேண்டுமானால் மத்திய அமெரிக்காவில் ‘பெனெஃபீசியோ சேக்கோ’ என்பார்கள். ஸ்பெயினில் பெனெஃபீசியோ என்றால் இலாபம். மாதிரிப் பைக்கு இந்த வரியே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

பீபெரிக்குக் ‘கரகோலியோ’ என்ற அழகான சொல் இருக்கிறது. சிறு நத்தை என்று பொருள். ஒற்றைக் கொட்டையின் உருண்ட வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். பட்டாணியைத் தேட வேண்டியதே இல்லை.


ஓய்வு_ரைட்டர் எழுதியது:

செர்ரிக்கு இன்னும் முடிவு சொல்லவில்லையே? நத்துரால் கூடாது, செரேசா கூடாது என்றால் தம்பி எதைத்தான் எழுதுவார்? நான் பேரேட்டில் எழுதியதுபோல் நடந்ததை அப்படியே எழுதினால் என்ன? கழுவவில்லை, பழமாகவே காயவைத்தோம். இதற்கு ஸ்பானிய மொழியில் வழி இல்லையா?


அழகாபுரம்_மொழிபெயர்ப்பு எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன அந்த வாக்கியமே விடை. ‘நோ லவாதோ, சேக்காதோ என் செரேசா’: கழுவாதது, பழமாகவே உலர்த்தியது. சர்க்கரையோடு வறுத்ததா இல்லையா என்ற எண்ணத்துக்கு இதில் இடமே இல்லை; பையில் பழம் இருக்கிறது என்றும் யாரும் படிக்க மாட்டார்கள். கொலம்பியாவுக்கு அனுப்பினாலும் இது நிற்கும். தம்பி முதலில் தவறாகப் போட்ட ‘செரேசா’ என்ற அதே சொல்தான், ஆனால் இப்போது கொட்டையின் பெயராக இல்லாமல், அது உலர்ந்தபோது இருந்த நிலையைச் சொல்கிறது.


வலென்சியா_திரும்பியவர் எழுதியது:

மிகப் பொருத்தம். ஸ்பெயினில் எவர் படித்தாலும் புரியும். ஒரு சிறு திருத்தம் மட்டும்: கஃபே ஆண்பால் சொல் என்பதால் லவாதோ, சேக்காதோ என்று ஓகாரத்தில்தான் முடிய வேண்டும். அராபிக்கா என்ற சொல் ஆகாரத்தில் முடிவதைப் பார்த்து ‘லவாதா’ என்று மாற்றிவிட வேண்டாம். செயலி சில நேரம் அப்படி மாற்றிவிடுகிறது.


சேர்வராயன்_களம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. புதிய சீட்டை அச்சிட்டு ஒட்டி அனுப்பிவிட்டேன். முதல் பையில் ‘கஃபே வெர்தே அராபிக்கா லவாதோ, கிரீபா 17’. இரண்டாவதில் ‘கஃபே வெர்தே அராபிக்கா நோ லவாதோ, சேக்காதோ என் செரேசா’. மூன்றாவதில் ‘கரகோலியோ, லவாதோ’. செவ்வாய்ப்பேட்டை ஐயா சொன்னபடி, ஒவ்வொன்றின் கீழும் இந்தியத் தரப்பெயரைச் சிறிய எழுத்தில் மாற்றாமல் கொடுத்திருக்கிறேன்; நாளை வேறு யாராவது விலைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

நேற்று அவரிடமிருந்து பதில் வந்தது. பழத்தோலைப் பற்றியும் ‘பி’ தோட்டத்தைப் பற்றியும் ஒன்றும் இல்லை. இரண்டாவது பைக் காப்பியைக் களத்தில் எத்தனை நாள் உலர்த்தினீர்கள் என்ற ஒரே கேள்விதான் இருந்தது. அப்பாவின் பேரேட்டைப் பார்த்து 19 நாள் என்று எழுதி அனுப்பினேன்.